மாப்பிள்ளைப் பை

பட்டன்காரனின் காரில் பின்சீட்டில் எந்நேரமும் ஒரு மாப்பிள்ளை உட்கார்ந்திருப்பார். பழுப்புத் தோல், பித்தளைப் பூட்டு, விறைத்த கைப்பிடி. வேலைவெட்டி கிடையாது. மிடுக்காக உட்கார்ந்து வருவதுதான் அவருடைய உத்தியோகம். வயிற்றைத் திறந்து பார்த்தால் இரண்டு செங்கல், காலாவதியான லேஸ் அட்டைகள் ஒரு கட்டு. தையல் பட்டறைக்காரர்கள் பட்டன்காரனைக் கண்டால் வீட்டில் எல்லாரும் நலமா என்று கேட்பதற்கு முன்னால், மாப்பிள்ளை சௌக்கியமா என்றுதான் கேட்பார்கள்.

அந்தப் பை திருடனுக்கு வைத்த தீனி. பட்டன்காரனுக்குக் கடை கிடையாது, கார்தான் கடை. பட்டன், ஜிப்பு, கொக்கி, லேஸ், எலாஸ்டிக் என்று சட்டையில் துணி போக மிச்சம் என்னவெல்லாம் உண்டோ அத்தனைக்கும் மாதிரிகளை ஏற்றிக்கொண்டு பட்டறை பட்டறையாகப் போய் ஆர்டர் பிடிப்பான். நிறுத்துவதெல்லாம் நடுத்தெருவில். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு முறை கண்ணாடியை உடைத்து, சிப்பி பட்டன் மாதிரிகள் முழுவதையும் எவனோ வாரிக்கொண்டு போய்விட்டான். அன்றைக்கு உட்கார்ந்து யோசித்ததில் அவனுக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. திருடன் என்பவன் அவசரத்தில் இருக்கும் வாடிக்கையாளன். நின்று அலசிப் பார்க்க அவனுக்கு நேரம் இல்லை. எதை முன்னால் வைக்கிறோமோ அதை எடுப்பான், எதைப் பார்த்தால் முகம் சுளிக்குமோ அதைத் தொட மாட்டான்.

ஆகவே அழகான பையைச் சன்னலோரம் வைத்தான். விலையுள்ள சரக்கை எல்லாம் நசுங்கிய பெயிண்ட் டப்பாவிலும் கிரீஸ் படிந்த சாக்கிலும் போட்டு முன்சீட்டுக்கு அடியில் தள்ளினான். முதல் மாப்பிள்ளையும் இரண்டாம் மாப்பிள்ளையும் களவு போனார்கள். சரக்கில் ஒரு ஊக்குக்கூடக் குறையவில்லை. அந்தச் செங்கல்லைத் திருடன் எந்த முகத்தோடு பார்த்திருப்பான் என்று பட்டறைக்குப் பட்டறை நடித்துக் காட்டியே பல ஆர்டர்களை வாங்கியிருக்கிறான். இப்போது இருப்பவர் மூன்றாம் மாப்பிள்ளை.

அன்றைக்கு முன்சீட்டுக்கு அடியில் சாக்குக்குள் இருந்தது பட்டன் இல்லை. மகளுக்கான மருந்து.

பெண் இரண்டாம் வகுப்பு. அவள் உடம்பே அவளுடைய மூட்டுகளைப் பகையாளியாக நினைத்துக்கொள்கிற ஒரு வியாதி. ஊசி போட்டால் மற்றப் பிள்ளைகளைப் போல ஓடுவாள். தள்ளிப்போனால் முழங்கால் வீங்கி, கை விரல்கள் மடங்காமல், காய்ச்சலில் சுருண்டுவிடுவாள். போன முறை மருந்து வரத் தாமதமானபோது இதயத்தைச் சுற்றி நீர் கோத்துவிட்டது. இன்னொரு முறை அப்படி ஆகவிடாதீர்கள் என்று டாக்டர் சொன்னார். அதை அவர் அதட்டிச் சொல்லியிருந்தால் பட்டன்காரனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். தணிந்த குரலில் சொன்னார். விலை குறையவே குறையாத இடத்தில்தான் வியாபாரி குரலைத் தணிப்பான் என்பது அவனுக்குத் தெரியும்.

மருந்து தலைநகரத்துக் கிடங்கு ஒன்றில்தான் கிடைக்கும், அதுவும் பெயர் பதிந்து காத்திருந்தால். குளிரிலேயே இருக்க வேண்டும். உறைந்தாலும் கெடும், சூடு பட்டாலும் கெடும். கெட்டதா இல்லையா என்று பார்த்துச் சொல்ல முடியாது, இரண்டும் ஒரே மாதிரி தண்ணீராகத்தான் இருக்கும். கிடங்குக்காரர் இதைச் சொல்லிவிட்டுத்தான் ஐஸ் அடைத்த வெள்ளைத் தெர்மாகோல் பெட்டியைக் கையில் கொடுப்பார். இந்த முறையும் சரக்கு தாமதம். பெண்ணுக்கு முந்தின நாளே காய்ச்சல் தொடங்கிவிட்டது. அவளைத் தன் அக்காவிடம் விட்டுவிட்டு, விடியும்போதே மனைவியோடு கிளம்பிப் போய் வாங்கிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தான். காலைச் சாப்பாடு காரிலேயே நடந்தது. அவள் ரொட்டிக்குள் வெந்த முட்டையை வைத்து மடித்துத் தர, அவன் ஒரு கையில் வாங்கித் தின்றபடி ஓட்டினான். வெயில் ஏறிவிட்டது. காரில் ஏசி என்றொரு பொத்தான் உண்டு, அழுத்தினால் சத்தம் மட்டும் வரும்.

ஊருக்குள் நுழைந்த நேரத்தில் போன் வந்தது. பெரிய தையல் பட்டறை ஒன்றின் முதலாளியம்மா. ஒரு வருஷமாக அவன் வாசலில் நின்றும் பிடிகொடுக்காதவர். பள்ளிச் சீருடை வேலை மொத்தமாக வந்திருக்கிறது, பட்டன் நிறம் இப்போதே முடிவாக வேண்டும், வர முடியுமா, இல்லை வேறு ஆளைக் கூப்பிடட்டுமா என்றார். மனைவி வீட்டுக்குப் போய்விட்டு அப்புறம் வரலாம் என்றாள். அடுத்த தெருதானே, ஐஸ் சாயங்காலம் வரைக்கும் தாங்கும் என்று கிடங்குக்காரரே சொன்னாரே என்றான் அவன். இரண்டும் உண்மைதான்.

அவன் மாதிரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போக, அவள் காரிலேயே இருந்தாள். கால் வைத்த இடம் சுட்டது. என்ஜின் சூடு முழுவதும் தரைத் தகட்டில் இறங்கியிருந்தது. குனிந்து சாக்கைத் தொட்டாள், வெதுவெதுப்பாக இருந்தது. பின்சீட்டில் மட்டும் கட்டட நிழல் விழுந்திருந்தது. தோல் தடிமனானது, சூட்டை உள்ளே விடாது என்று அவளுக்குத் தோன்றியது. செங்கல்லையும் அட்டைக் கட்டையும் எடுத்துப் பின்சீட்டுக்குக் கீழே போட்டாள், தெர்மாகோல் பெட்டியைச் சாக்கிலிருந்து எடுத்துத் துடைத்து மாப்பிள்ளையின் வயிற்றுக்குள் வைத்துப் பூட்டினாள். நான்தான் பக்கத்திலேயே இருக்கிறேனே என்று நினைத்துக்கொண்டாள்.

மூச்சு வாங்க அவன் திரும்பி வந்தான். சாம்பலுக்கும் நீலத்துக்கும் நடுவில் ஒரு நிறத்தை அந்தம்மா கேட்கிறார். நிறம் பார்க்க அவளை விட்டால் ஆள் இல்லை, அது அந்தத் தெரு முழுக்கத் தெரிந்த சங்கதி. அவள் கண்ணை நம்பித்தான் அவன் பாதி வியாபாரம் செய்கிறான். ரெண்டே நிமிஷம், வா என்றான். அவள் சொல்ல வாயெடுத்தாள், ஏங்க, அந்தப் பெட்டிய... என்பதற்குள் அவன் வாசற்படி ஏறியிருந்தான். நான் பூட்டிட்டேன், வா என்ற குரல் மட்டும் வந்தது. பூட்டுவதற்கு முன்னால், பழக்கதோஷத்தில், பின்சீட்டுப் பையைச் சன்னலோரம் நன்றாகத் தெரிகிற மாதிரி அவனே நிமிர்த்தி வைத்திருந்தான். கனத்தில் ஏதோ வித்தியாசம் கைக்குத் தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. கை காரில் இருந்தது, மனசு சீருடையில் இருந்தது.

ரெண்டு நிமிஷம் என்றது நிறத்துக்கு மட்டும்தான் பொருந்தியது. அவள் பார்த்தவுடன் ஒரு பட்டனை எடுத்து மேசைமேல் வைக்க, அந்தம்மா துணியோடு சேர்த்துப் பார்த்துவிட்டு இதுதான் என்றார். அதற்கப்புறம் விலைக்கு வந்தார்கள். அந்தம்மாவும் லேசுப்பட்டவர் இல்லை. இரண்டு பேரும் மாறி மாறிப் போய்வருகிறேன் என்று எழுந்து மாறி மாறி உட்கார்ந்தார்கள். மனைவி இரண்டு தடவை சாவி கேட்டாள். இதோ ஆச்சு என்றான் இரண்டு தடவையும்.

ஆர்டரோடு வெளியே வந்தபோது காரின் பின்பக்கக் கண்ணாடி தூள்தூளாகச் சீட்டிலும் கீழேயும் கொட்டிக் கிடந்தது. மாப்பிள்ளையைக் காணோம்.

பட்டன்காரன் சிரித்தான். வாய்விட்டுச் சிரித்தான். சத்தம் கேட்டுப் பட்டறையிலிருந்து தையல்காரர்கள் கழுத்தில் இஞ்சுடேப்போடு இறங்கி வந்தார்கள், தெருவில் நிறுத்துகிற வண்டிகளுக்குக் கட்டணச் சீட்டுக் கொடுக்கிற கிழவரும் வந்தார். அவன் காரின்மேல் சாய்ந்துகொண்டு நடிக்கத் தொடங்கினான். திருடன் பையைத் தூக்கும் மூச்சு, சந்துக்குள் ஓடும் ஓட்டம், பூட்டை நெம்பித் திறக்கும் ஆசை, செங்கல்லைப் பார்த்த முகம். தையல்காரர் ஒருவர் மூன்றாவது மருமகனையும் தொலைத்தீரா, உமக்கு ராசியே இல்லை என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

அவன் மனைவி நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏங்க," என்றாள். "செங்கல் கீழ கெடக்கு. பாருங்க."

அவன் பார்த்தான். கண்ணாடித் தூளுக்கு நடுவில் இரண்டு செங்கல்லும் பத்திரமாக இருந்தன.

"மருந்து அதுலதான் இருக்கு. கீழ சுட்டுச்சுன்னு நான்தான் மாத்தி வெச்சேன்."

சிரிப்பு ஒவ்வொரு முகமாக இறங்கி நின்றது. என்ன மருந்து என்று யாரோ கேட்டார்கள். இன்னொருவர் மெல்லச் சொன்னார். அந்தத் தெருவில் அவனுடைய பெண்ணின் வியாதி தெரியாதவர்கள் குறைவு.

சீட்டுக் கிழவர் அவனைத் தனியே கூப்பிட்டார். போலீசுக்குப் போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் அவர்கள் எழுதி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும் என்றார். இந்தத் தெருவில் காணாமல் போகிற பை எல்லாம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற பழைய சாமான் சந்துக்குத்தான் போகும், அங்கே பை வாங்கி விற்கிற அம்மா ஒருத்தர் இருக்கிறார், போய்ப் பாருங்கள் என்றார். எங்கிருந்து வந்தது என்று மட்டும் அவரிடம் கேட்டுவிடாதீர்கள் என்றும் சேர்த்துச் சொன்னார்.

காரை அப்படியே விட்டுவிட்டு நடந்தார்கள். சந்துக்குள் கார் போகாது. அவன் முன்னால், அவள் பின்னால். ஒரு வார்த்தை கூட அவன் அவளைத் திட்டவில்லை. போகிற வழியில் இருந்த குப்பைத் தொட்டிகளை எல்லாம் அவள் எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒரு தொட்டியில் வெள்ளையாக ஏதோ தெரிய, தோள்வரை கையை விட்டு இழுத்தாள். உடைந்த மீன்பெட்டியின் மூடி. அதைப் போட்டுவிட்டு ஈரக் கையைத் துணியில் துடைத்தபடி மறுபடி ஓடி அவனோடு சேர்ந்துகொண்டாள்.

சந்தில் இரண்டு பக்கமும் பழைய மிக்சி, ஒற்றைச் செருப்பு, ரிமோட், தாளம் தப்பிய கடிகாரங்கள். நடுவில் பைக்கடை. மேலிருந்து கீழ்வரை பைகள் வௌவால்களைப் போலத் தொங்கின. கடைக்கார அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு பைக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். மடியில் இருந்தது மாப்பிள்ளைதான். பூட்டு நெம்பப்பட்டிருந்தது. வயிறு ஒட்டியிருந்தது.

மனைவி ஓரடி முன்னால் வைத்தாள். அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினான். அந்த அழுத்தத்துக்கு அர்த்தம் அவளுக்குத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து கடைகளில் வாங்கிய அழுத்தம் அது. ஆசைப்பட்டதைப் பார்க்காதே. வேண்டாததை முதலில் விலை கேள். தேவை என்று முகத்தில் எழுதிக்கொண்டு போனால், கடைக்காரன் அதைப் படித்துவிட்டு விலை சொல்வான். அவனுடைய அப்பா சொல்லிக் கொடுத்ததும் அதுதான், அவனுக்குச் சோறு போட்டதும் அதுதான்.

பட்டன்காரன் முகத்தைத் துடைத்து, வேறு ஒரு முகத்தை மாட்டிக்கொண்டான். தொங்கிய பச்சைப் பை ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தையல் விட்டிருக்கிறதே என்றான். அது தையல் இல்லை, டிசைன் என்றார் அந்த அம்மா. ஜிப்பு நம்மூர் ஜிப்பா என்றான். ஜிப்பைப் பற்றி இவ்வளவு தெரிந்தவர் என் கடைக்கு ஏன் வருகிறீர்கள் என்றார் அவர். விலை சொன்னார். இவன் சிரித்தான். அவர் இறங்கினார். இவன் வேறு பையைத் தொட்டான். அப்படியே பேச்சுவாக்கில், அந்தப் பழுப்பு என்ன, பூட்டு போனதுதானே, சும்மா கேட்கிறேன் என்றான்.

அந்த அம்மா பாலிஷ் துணியை நிறுத்தினார். அவருக்கும் இதே தொழில்தான். சும்மா கேட்கிறவர்களைத்தான் அவர் அதிகம் கவனிப்பார். இது விற்பனைக்கு இல்லை, ஒருத்தர் சொல்லி வைத்திருக்கிறார் என்றார். யாரும் சொல்லி வைக்கவில்லை என்று இருவருக்கும் தெரியும். பட்டன்காரன் உள்ளுக்குள் வெந்துகொண்டே, அப்படியா, பரவாயில்லை, பச்சையே காட்டுங்கள் என்றான். பழம் தின்று கொட்டை போட்ட வியாபாரிகள் இரண்டு பேர் மாட்டிக்கொண்டால் அது சீக்கிரம் முடிகிற காரியமா?

மனைவி மணிக்கட்டை உதறினாள்.

"அக்கா, எங்களுக்குப் பை வேணாம். அதுக்குள்ள ஒரு வெள்ளைப் பெட்டி இருந்துச்சு. எம்பொண்ணோட மருந்து. அவ படுத்துக் கெடக்கா."

அந்த அம்மா அவளைப் பார்த்தார். குப்பைத் தொட்டி ஈரம் காயாத அவள் கையைப் பார்த்தார். பிறகு பட்டன்காரனைப் பார்த்தார். அந்தப் பார்வையை அவன் அதற்கப்புறம் எந்த வாசலிலும் மறக்கவில்லை.

"அட பாவி மனுஷா," என்றார். "வந்ததும் இத சொல்றதுக்கென்ன?"

எழுந்து எதிர்ப்பக்கம் ஓடினார். தர்பூசணிக் கீற்று விற்கிறவனின் தள்ளுவண்டி. வெள்ளைப் பெட்டி அங்கே இருந்தது, நிறைய சிவப்புக் கீற்றுகளோடு. ஐஸோடு சும்மா கிடக்கிறதே என்று அந்த அம்மாதான் அவனுக்குக் கொடுத்திருந்தாராம். மருந்துப் புட்டிகள் எங்கே என்றதற்கு, வண்டியின் தகரப் பலகையில் வெயில் பட்ட மூலையைக் காட்டினான். ஈரத் தாளின்மேல் புட்டிகள் வரிசையாக நின்றன. ஒன்றுகூட உடையவில்லை. பார்க்க அழகாக இருந்ததால் எறிய மனசு வரவில்லை என்றான்.

"எப்பப்பா வெளிய எடுத்து வெச்ச?" என்று மனைவி கேட்டாள்.

"இப்பத்தான்க்கா. பழத்துக்கு எடம் பத்தல." அவன் பட்டன்காரனை நோக்கிக் கத்தியை நீட்டிக் காட்டினான். "சார் அங்க பச்சைப் பைய வெல கேட்டுட்டு இருந்தாருல்ல, அப்ப."

பட்டன்காரன் ஒரு புட்டியை எடுத்தான். சூடாகவும் இல்லை, குளிர்ச்சியாகவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு தடவியே இது சிப்பி, இது கொம்பு, இது பிளாஸ்டிக் என்று சொல்கிற விரல்கள் அவனுடையவை. தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். தெளிந்த தண்ணீர். ஒன்றும் சொல்லவில்லை அது.

தர்பூசணிக்காரன் கீற்றுகளைக் கொட்டிவிட்டுப் பெட்டியையும் மிச்ச ஐஸையும் கொடுத்தான். பைக்கடை அம்மா பழுப்புப் பையைக் கொண்டுவந்து நீட்டினார், காசு வேண்டாம் என்றார். பட்டன்காரன் அதை வாங்கவில்லை.

காரில் போகும்போது உடைந்த சன்னல் வழியாக அனல் காற்று வந்தது. மனைவி பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடியிருந்தாள். வீட்டுத் தெருவுக்குள் திரும்பும்போதுதான் பேசினாள்.

"நர்சம்மா கேப்பாங்க. வழியெல்லாம் ஐஸ்லயே இருந்துச்சுன்னு சொல்லிடுங்க."

அவன் ஒரு பள்ளத்தை ஒதுக்கி ஓட்டினான்.

"கொஞ்ச நேரந்தானே வெளிய இருந்துச்சு. கெட்டிருக்காது. போடாம இருக்கறதுக்கு, போட்டது மேல். இனி பேரப் பதிஞ்சு, காத்துக் கெடந்து... அதுக்குள்ள அவளுக்கு நெஞ்சுல நீர் கோத்தா?"

"ம்."

"எனக்குச் சொல்ல வராது. உங்களுக்கு வரும்."

அவள் குத்திக் காட்டவில்லை. நிறம் பார்ப்பது அவள் வேலை, சொல்வது அவன் வேலை என்று வீட்டில் எப்போதும் இருக்கிற பங்கீட்டைத்தான் சொன்னாள்.

வீட்டில் அவனுடைய அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். காலையிலிருந்து பிள்ளை பாலைக்கூட வாங்கவில்லை, முழங்காலைத் தொட்டால் அலறுகிறாள் என்றாள். உள்ளே பெண் சுவரோரம் தலையணைகளுக்கு நடுவில் கிடந்தாள். இரண்டு தெரு தள்ளியிருக்கிற நர்சம்மா, வேலைக்குப் போகிற வழியில் வந்து ஊசி போட்டுவிட்டுப் போகிறவர், கையைக் கழுவிப் பஞ்சு எல்லாம் எடுத்து வைத்துத் தயாராக இருந்தார். பெட்டியைத் திறந்தார். மூலையில் ஒரு தர்பூசணி விதை ஒட்டியிருந்தது. அதை நகத்தால் எடுத்துப் பார்த்தார்.

"கெடங்குலேர்ந்து இதுவரைக்கும் ஐஸ்லயேதான இருந்துச்சு?"

மனைவி தரையைப் பார்த்தாள். அக்கா எதுவும் புரியாமல் எல்லாரையும் பார்த்தாள். பட்டன்காரனின் நாக்கில் பதில் தயாராக இருந்தது. சாயம் போகாது, துரு ஏறாது, பத்துத் துவையல் தாங்கும், நான் பொறுப்பு. எத்தனை வாசலில் சொன்னது. சொன்னதில் பாதியாவது அப்படியே நடந்தும் இருக்கிறது. நடக்காத மீதிக்கு, அடுத்த முறை இரண்டு டஜன் பட்டன் கூடப் போட்டுச் சமாதானம் செய்திருக்கிறான்.

பெண் தன் கையை, தனக்கு வழக்கமானது என்பதுபோல, தானே நீட்டி வைத்திருந்தாள். முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பியிருந்தாள்.

"இல்லம்மா," என்றான். "வெயில்ல நின்னுச்சு. அதுக்கு முன்ன கைமாறி எங்கெங்க இருந்துச்சோ. சரியாத் தெரியாது."

நர்சம்மா ஊசியின் மூடியைத் திரும்பப் போட்டார். டப்பாவில் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வைத்தார். தெரியாததை இந்த உடம்பில் ஏற்ற மாட்டேன் என்றார். காய்ச்சலில் இனி வீட்டில் வைத்திருக்கக் கூடாது, இப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள், மருந்து அங்கே இருக்குமா என்று சொல்ல முடியாது, ஆனால் நெஞ்சில் நீர் கோத்தால் பார்க்க ஆள் இருக்கும் என்றார். போன் செய்து வைக்கிறேன் என்று வெளியே போனார்.

மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். உள்ளே குழாய் திறக்கிற சத்தம் கேட்டது, மூடுகிற சத்தம் கேட்கவில்லை.

அவன் குனிந்து, மூட்டுகளில் கை படாமல் பெண்ணைப் போர்வையோடு அள்ளினான். உடம்பு சுட்டது. அவள் இன்னும் நீட்டிய கையை மடக்கவில்லை.

"ஊசி இல்லையாப்பா?"

"இல்ல கண்ணு."

கொஞ்சநேரம் அவன் முகத்தையே பார்த்தாள். நம்பலாமா என்று பார்த்தாள். பிறகு வீங்கிய விரல்களால் அவன் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு, காதருகே வாயைக் கொண்டுவந்தாள்.

"நீதான வேணாம்னு சொன்ன?"

"ம்."

"நாளைக்கும் வேணாம்னு சொல்லிடுப்பா. நாளன்னிக்கு வேணா போட்டுக்கறேன். அழமாட்டேன்."

எதிராளி சொன்ன முதல் விலைக்கு அவன் ஆயுளில் ஒப்புக்கொண்டதில்லை.

"சரி," என்றான். வாசலைத் தாண்டி இறங்கினான்.